வீட்டுப் பியானோவை மைக் வைத்துப் பதிவு செய்தல்: குறையைக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

2020இல் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டுமே வீட்டில் வாசித்து வீடியோவாக அனுப்பும் தேர்வுகளைத் தொடங்கின. பியானோ இருக்கிற பல வீடுகளுக்குள் மைக்கும் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். பிள்ளை மாதக்கணக்கில் பழகிய உருப்படி, பதிவில் தகர டப்பாவைத் தட்டியது போலக் கேட்டால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மனசு விட்டுப்போகிறது. உடனே வேறு மைக் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் பதிவு செய்வது சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பத்து அறையில். ஒரு பழைய அப்ரைட் (தந்திகள் செங்குத்தாக நிற்கும்) பியானோ, நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் இரண்டு, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். கீழே வரும் குறைகள் எல்லாம் இந்த அறையில் நான் கேட்டவை. அவற்றில் முக்கால்வாசியை மென்பொருளைத் தொடாமல் சரிசெய்ய முடிந்தது. மென்பொருளில் மேல், கீழ் ஸ்தாயிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் திறக்கும் முன் மைக்கை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சோதனைப் பதிவு

குறையைத் தேட உருப்படியைப் பதிவு செய்யாதீர்கள். பாட்டில் காது மயங்கிவிடும். அதற்குப் பதிலாக, யாரும் அசையாமல் 30 விநாடி மௌனம். பிறகு 88 கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக. பிறகு உருப்படியின் மிகப் பலமான இரண்டு வரி, கடைசியாகப் பெடலோடு மிக மெல்லிய இரண்டு வரி. இதைக் கம்பி உள்ள ஹெட்போனில் கேளுங்கள். புளூடூத் ஹெட்போன் தாமதமாகக் கேட்கும் என்பதோடு, ஒலியைச் சுருக்கியும் தரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மைக்கை நகர்த்தி, கெயினை (மைக்கின் ஒலியை இன்டர்ஃபேஸ் பெருக்கும் அளவை) குறைத்து, திரையையும் இழுத்துவிட்டால் எது மருந்து என்று தெரியாது.

ஒரு மைக் ஊமையாக இருக்கிறது

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம், வேண்டும். இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தான் அணைந்திருக்கும். அது எரிந்தும் ஒலி வரவில்லை என்றால் இரண்டு மைக்கின் கேபிளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைத்தனம் கேபிளோடு போனால் கேபிள், மைக்கோடு நின்றால் மைக். கேபிளைக் கழற்றி மாட்டும்போது பேண்டம் பவரை அணைத்துவிடுங்கள்.

பின்னால் ‘உம்ம்’ என்றோ ‘உஸ்ஸ்’ என்றோ கேட்கிறது

மௌனத்தைப் பதிவு செய்தது இதற்காகத்தான். இரண்டும் வேறு வேறு நோய்.

‘உம்ம்’ என்பது மின்சாரத்தின் குரல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பியானோவில் இடமிருந்து 11ஆவது கட்டை 49 ஹெர்ட்ஸ், 23ஆவது கட்டை 98 ஹெர்ட்ஸ். ஹெட்போனில் கேட்கும் முழக்கம் இந்த இரண்டில் ஒன்றோடு கிட்டத்தட்டச் சேர்ந்தால், அது அறைக்குள் இருந்து வரவில்லை, கம்பி வழியாக வருகிறது. முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். பல வீடுகளில் இதோடு தீர்ந்துவிடும். தீரவில்லையானால் லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் முழக்கம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பதிவு செய்தால், பல இன்வெர்ட்டர்களின் மின்சாரம் கரடுமுரடாக இருப்பதால் முழக்கத்தோடு ஒரு சீற்றமும் சேரலாம். கரண்ட் வரும்வரை காத்திருப்பதே மேல்.

‘உஸ்ஸ்’ பெரும்பாலும் கெயின் அதிகமாக வைத்ததால் வருகிறது. பாட்டுக்கு வாங்கிய, உணர்திறன் குறைந்த டைனமிக் வகை மைக்கைத் தூர வைத்தால் மெல்லிய சுரங்களுக்குக் கெயினை மிகவும் ஏற்ற வேண்டிவரும். அப்போது இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலும் மேலே வந்துவிடும். அந்த மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள், அல்லது கண்டென்சருக்கு மாறுங்கள்.

மூன்றாவதாக அறைச் சத்தம். மின்விசிறியை நிறுத்தாமல் பியானோ பதிவு செய்ய முடியாது, ஏசியும் அப்படித்தான். மே மாதத்தில் இது தண்டனை. பதிவுக்கு அரை மணி முன்பே அறையைக் குளிரவைத்து, அணைத்துவிட்டு, இருபது நிமிடத்துக்குள் முடிப்பதுதான் என் வழக்கம். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி ஐந்து மணிக்கு உட்கார்ந்தால், கோடையில் குயில் சரியாக மெல்லிய இடத்தில் கூவும். எங்கள் தெருவில் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை நல்ல நேரம். உங்கள் தெருவுக்கு எது என்று ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை மௌனத்தைப் பதிவு செய்து பாருங்கள்.

பலமாக வாசித்தால் ஒலி உடைகிறது

கெயினைக் குறையுங்கள். 24 பிட் தரத்தில் பதிவு செய்யும்போது அளவு சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அளவுமானியின் மேல் எல்லை பூஜ்யம்; மிகப் பலமான இடத்தில் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபல் வந்தால் போதும். சோதனையில் வாசிப்பதைவிட உண்மைப் பதிவில் கை பலமாக விழும். அந்தப் பத்து டெசிபல் அதற்கான இடம்.

கெயினைக் குறைத்தும் உடைந்தால் மைக்கே தாங்கவில்லை என்று அர்த்தம். தந்திகளுக்கு மிக அருகே வைத்தால் இது நடக்கும். மைக்கில் ஒலியைக் குறைத்து வாங்கும் மைனஸ் 10 டெசிபல் ‘பேட்’ சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு சாண் விலக்குங்கள்.

ஒரு கட்டைக்கு மட்டும் ‘ஜிர்ர்’ என்று ஒட்டுச் சத்தம்

இதை உடைந்த ஒலி என்று நினைத்துப் பலர் கெயினைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். வித்தியாசம் எளிது: எல்லாக் கட்டைகளிலும் வந்தால் கெயின், குறிப்பிட்ட ஒன்றிரண்டில் மட்டும் வந்தால் அறைக்குள் ஏதோ கூடவே அதிர்கிறது.

பியானோவின் மேல் இருக்கும் போட்டோ, கோப்பை, மெட்ரோனோம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டையை ஒருவர் விடாமல் தட்ட, இன்னொருவர் ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்: ஜன்னல் கண்ணாடி, கிரில், அலமாரிக் கதவு, குழல்விளக்கின் மூடி, பியானோ மூடியின் கீல், கீழ்ப் பலகை. கை வைத்ததும் சத்தம் நிற்கும் இடம்தான் குற்றவாளி. எங்கள் வீட்டில் அது அடுத்த அறையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் அடுக்கு. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. வெளியில் எதுவும் கிடைக்கவில்லையானால் உள்ளே பென்சில், நாணயம் விழுந்திருக்கலாம். அதையும் தாண்டி, தந்தியின் அதிர்வைப் பெரிதாக்கும் பின்பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் என்ற சந்தேகம் வந்தால் ட்யூன் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

டப்பாவுக்குள் வாசிப்பது போல இருக்கிறது

அப்ரைட் பியானோவில் அடிக்கடி வரும் குறை இது. காரணமும் வெளிப்படையானது: அது உண்மையிலேயே ஒரு மரப்பெட்டி. அதைத் திறந்துவிடுங்கள்.

மேல் மூடியைத் தூக்கிப் பின்னால் சாய்த்தால், உள்ளே இடமும் வலமும் ஒவ்வொரு கொக்கி தெரியும். பெரும்பாலான பியானோக்களில் அவற்றைத் திருப்பினால் முன்பலகை உங்கள் பக்கம் சாய்ந்து கழன்று வரும். பெடலுக்கு மேலே உள்ள கீழ்ப் பலகை, கட்டைப் படுக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் கிளிப்பில் நிற்கும். அதை மேலே அழுத்தினால் பலகை வந்துவிடும். மரம் கனமானது, இரண்டு பேர் பிடியுங்கள்.

இப்போது மைக். மூன்று இடங்களை முயலலாம். திறந்த மேல்பகுதிக்கு ஒரு சாண் உயரத்தில், இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு மைக்கும் கீழ்நோக்கி: தெளிவு கிடைக்கும், சுத்தியல் சத்தமும் கூடவே வரும். வாசிப்பவரின் இரு தோள்களுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே: வாசிப்பவர் காதில் கேட்பதற்கு மிக நெருக்கமான ஒலி, எனக்குப் பிடித்தது. மூன்றாவது, பியானோவைச் சுவரிலிருந்து நான்கு அடி இழுத்து, பின்பக்க சவுண்ட்போர்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில்: உருண்டையான, வெதுவெதுப்பான ஒலி, ஆனால் விரலின் நுணுக்கம் கொஞ்சம் மங்கும்.

எந்த இடமானாலும் பியானோவின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. சவுண்ட்போர்டு அங்கேதான் மூச்சு விடுகிறது. ஒரு அடி இழுத்தாலே வித்தியாசம் கேட்கும்.

அறையும் ஒரு பெட்டிதான். வெறும் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என்றால் ஒலி பட்டுத் திரும்பி மைக்கில் இரண்டாம் முறை விழும். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பயன் இல்லை. அவை மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்குமே தவிர, டப்பாத்தனம் இருக்கும் நடு, கீழ் ஸ்தாயிகளைத் தொடாது.

கீழ் ஸ்தாயியில் ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் முழங்குகின்றன

நம் வீடுகளின் அமைப்பே கொண்டுவரும் குறை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தினால், அந்தச் சுரம் அறையில் ஊஞ்சல் போல ஏறிக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். 349ஐ இதன் இரட்டிப்பான 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வரும். பத்துக்குப் பத்து அறையில் நீளம், அகலம் இரண்டும் ஒன்று. கூரையும் பத்தடி என்றால் மூன்று திசையும் ஒரே 57 ஹெர்ட்ஸில் கைகோத்துவிடும். பியானோவில் 13ஆவது கட்டை 55 ஹெர்ட்ஸ், 14ஆவது 58. அந்த இரண்டும் பக்கத்துக் கட்டைகளைவிடப் பலமாகவும், விரலை எடுத்த பிறகும் நிற்பது போலவும் பதிவாகும். 25, 26ஆவது கட்டைகளிலும் இதன் இரட்டிப்பு கொஞ்சம் தெரியும்.

உங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டோ வேறு அளவோ என்றால் கட்டை மாறும். 88 கட்டைச் சோதனையில் எது முழங்குகிறது என்று குறித்து, கட்டையின் ஹெர்ட்ஸை அறையின் அளவோடு ஒப்பிட்டால் எந்தச் சுவர் ஜோடி காரணம் என்றுகூடத் தெரிந்துவிடும்.

இந்த அலையின் அழுத்தம் சுவரோரத்திலும் மூலையிலும் மிக அதிகம், அறையின் நட்டநடுவில் மிகக் குறைவு. ஆகவே மூலையில் வைத்த பியானோ எல்லா முழக்கத்தையும் கிளப்பும், மூலையில் வைத்த மைக் அதையெல்லாம் அள்ளும். பியானோவை மூலையிலிருந்து விலக்குங்கள். மைக்கை அறையின் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வைத்து ஆரம்பியுங்கள். நட்டநடுவில் வைத்தால் அதே கட்டைகள் இளைத்துப்போகும், அதுவும் நன்றாக இருக்காது. அங்கிருந்து ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று அந்தக் கட்டையைத் தட்டிக்கொண்டே ஹெட்போனில் கேட்டு, பக்கத்துக் கட்டைகளோடு சமமாகும் இடத்தைப் பிடியுங்கள். அறைக் கதவைத் திறந்து வைத்தாலும் கொஞ்சம் வடியும்.

மைக்கில் ‘லோ கட்’ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுத் தப்பிக்கத் தோன்றும். அது 75, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டும்; பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டைக்காக ஒரு ஸ்தாயியைப் பலி கொடுக்க வேண்டாம். மாறாக, கீழ் ஸ்தாயி முழுவதுமே மெலிந்திருக்கிறது என்பது உங்கள் குறையானால் அந்த சுவிட்ச் தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெட்போனில் நன்றாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் பாதி காணோம்

ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கருவிகள் இரண்டு சேனலையும் கூட்டி ஒன்றாக்கும். ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்திருந்தால், கூட்டும்போது ஒன்றையொன்று அழிக்கும். ஒலி பிறக்கும் இடத்திலிருந்து ஒரு மைக் மற்றதைவிட 35 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதில் ஒலி ஒரு மில்லிவிநாடி பிந்தும். அப்போது 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாகப் பள்ளம் விழும். மெலடி இருக்கும் இடமே அதுதான்.

சரிபார்க்க, மென்பொருளில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஒலி சப்பென்று ஆனால், ஒரு சேனலின் போலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாகத் திருப்புங்கள். திருப்பியதும் கீழ் ஸ்தாயி நிறைந்து வந்தால் ஒரு கேபிளின் கம்பி மாறியிருக்கலாம். அல்லது ஒரு மைக் பியானோவுக்கு முன்னும் மற்றொன்று பின்னும் இருக்கிறது: சவுண்ட்போர்டு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணம் பின்னால் இழுக்கிறது, அதனால் பின் மைக்கை எப்போதும் திருப்பித்தான் கலக்க வேண்டும்.

திருப்பியும் பாதிதான் சரியானது என்றால் இடம்தான் தவறு. மோனோவில் கேட்டபடியே ஒருவர் ஒரு மைக்கை மட்டும் மெல்ல நகர்த்தட்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மங்கிக் கிடந்த ஒலி ஓரிடத்தில் சட்டென்று கண் திறக்கும். தேர்வுக்கு அனுப்பும் பதிவு எந்த ஸ்பீக்கரில் கேட்கப்படும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே எந்த ஸ்பீக்கரானாலும் கவலை இருக்கக் கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: இரண்டு மைக்கின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரி கோணத்தில் வையுங்கள். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வரும், அழிவு இருக்காது. விரிவு கொஞ்சம் குறையும்.

இடமும் வலமும் பிய்ந்து, நடுவில் ஓட்டை

மைக்குகளை மிகவும் அகல வைத்துவிட்டீர்கள். இரண்டையும் நெருக்கிக்கொண்டு சற்றுப் பின்னால் வாருங்கள். பிரெஞ்சு வானொலியிலிருந்து வந்த ஓஆர்டிஎஃப் முறை, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம், வீட்டு அறைக்கு நல்ல தொடக்கம்.

சத்தம் தானாக ஏறி இறங்குகிறது

போனிலோ கையடக்க ரெக்கார்டரிலோ பதிவு செய்பவர்களின் குறை இது. பலமான ஒரு கார்டு விழுந்ததும் ஒலி அமுங்கி, அது தேயத் தேய மெல்ல எழும்பும். பேச்சுக்காக வைத்த தானியங்கி அளவு பியானோவின் ஏற்ற இறக்கத்தைத் தவறு என்று நினைத்துத் திருத்துகிறது. பதிவான பிறகு இதை மீட்க முடியாது. ரெக்கார்டரில் ‘ஆட்டோ லெவல்’ சுவிட்சை அணையுங்கள். போனில் கெயினைக் கையால் அமைக்க விடும் செயலியைப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால் போனை எட்டு, பத்து அடி தள்ளி வையுங்கள்; பலமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் அது பதறுவது குறையும்.

பாட்டைவிடச் சுத்தியலும் பெடலும் அதிகம் கேட்கின்றன

சுத்தியல் என்றால் மைக் மிக அருகே இருக்கிறது. பின்னால் வாருங்கள், அல்லது சுத்தியல் வரிசையைப் பார்க்காமல் சவுண்ட்போர்டைப் பார்க்கும்படி திருப்புங்கள். பெடலின் ‘தொம்’ தரை வழியாக ஸ்டாண்டில் ஏறுகிறது: ஸ்டாண்டின் காலடியில் மடித்த போர்வை, வாசிப்பவருக்கு வெறுங்கால் அல்லது சாக்ஸ். நாற்காலியின் கிறீச்சுக்குத் திருகுகளை இறுக்குங்கள்.

பெடல் கீச்சிட்டால் தேங்காய் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ விடாதீர்கள். அது கம்பளியாலான ஃபெல்ட்டில் ஊறி, தூசியைச் சேர்த்து, தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர்களையே கெடுக்கும். ட்யூன் செய்பவர் வரும்போது சொல்லுங்கள், அதற்கான தூள் அவரிடம் இருக்கும்.

ஒலி முழுக்கவே போர்வை போர்த்தியது போல இருந்தால் நடுப் பெடலைப் பாருங்கள். பல அப்ரைட்களில் அது சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு ஃபெல்ட்டை இறக்கும். இரவுப் பயிற்சிக்குப் பூட்டி வைத்ததை மறந்திருப்பீர்கள்.

மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது, அல்லது சுரம் அலைகிறது

குத்துவது மைக்கின் கோணமாக இருக்கலாம். நேராகப் பார்க்கும் மைக்கை 30 டிகிரி திருப்புங்கள். அப்படியும் குத்தினால் சுத்தியலின் ஃபெல்ட் அடிபட்டு இறுகியிருக்கிறது. ட்யூனர் ஊசியால் குத்தி அதை மிருதுவாக்குவார்.

சுரம் அலைவதற்கு மைக்கிடம் மருந்து இல்லை. நடு, மேல் ஸ்தாயிகளில் ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள். அவற்றில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும் மைக் காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சவுண்ட்போர்டு மரம் ஊதி, நடு ஸ்தாயியின் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். பதிவுக்கு ஒன்றிரண்டு நாள் முன் ட்யூன் செய்து, அதுவரை ஏசியை ஒரே மாதிரி ஓட்டுங்கள்.

‘டிக் டிக்’ சொடுக்குகள். சுருதியும் வேகமும் இறங்கிய பதிவு

சொடுக்கு வந்தால் மென்பொருளில் பஃபர் அளவை (லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டை) 512க்கு ஏற்றுங்கள்; அதனால் வரும் தாமதம் தெரியாமலிருக்க, லேப்டாப்பைச் சுற்றாமல் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரில் கேளுங்கள். பதிவு சுமார் ஒன்றரை செமிடோன் (ஒன்றரைக் கட்டை) கீழே, மெதுவாகவும் ஓடினால் 48,000 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையில்) பதிவானது 44,100இல் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள், பதிவு கெட்டுப்போகவில்லை.

நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை

யாரோ பெருக்கும்போது ஸ்டாண்டை நகர்த்தியிருப்பார்கள். அல்லது நேற்று சாய்த்திருந்த மெத்தை இன்று கட்டிலுக்குப் போயிருக்கும். நல்ல இடம் கிடைத்த அன்றே ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் பியானோவின் நான்கு மூலைகளுக்கும் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மைக்கின் உயரத்தை அளவு டேப்பால் அளந்து, கெயின் குமிழ் எங்கே நிற்கிறது என்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, போனில் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத் தரையில் ஒட்டிய மஞ்சள் டேப் நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது. அறையைத் துடைப்பவர்கூட அதைச் சுற்றித்தான் துடைக்கிறார்.